எழுதி முடிந்ததா என்று பார்த்தோமா?
(ஹாட் டிஸ்க், பென் டிரைவ் பற்றி ஒரு சிறு பாடம்)



இன்று நமது தோட்டங்களில் கணினி ஒரு புதுப் பொருள் அல்ல. ஒஃபீஸில் செக்ரோல் கணினியில் ஏறுகிறது. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாகவே எடுக்கிறார்கள். லயத்திலே ஒரு வீட்டில் இல்லாவிட்டாலும் அடுத்த வீட்டில் ஸ்மார்ட் போன் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம், கல்யாணப் போட்டோ எல்லாம் மெமரி காட்டிலும் பென் டிரைவிலும்தான் பத்திரமாக இருப்பதாக நாம் நம்புகிறோம்.

ஆனால் இவற்றில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. வாசிக்க எடுக்கும் நேரம் வேறு, எழுத எடுக்கும் நேரம் வேறு. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். இதைத் தெரிந்துகொள்ளாததால் நமது டிவிஷனில் ஒரு குடும்பத்துக்கு நட்டம் ஏற்பட்டது. அந்த நட்டத்துக்கு நாமும் காரணம். ஆகவே அதை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுகிறோம்.

நடந்தது என்ன?

மலையில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. ஊழியர் சேமலாப நிதிப் பணம் எடுப்பதற்கு அவருடைய கடதாசிகள் தேவைப்பட்டன. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். இந்தப் பெயர் வித்தியாசம் நம்மவர்களுக்குப் பழகிப்போன தலைவலிதானே! எல்லாக் கடதாசிகளையும் நாம் ஸ்கேன் செய்து கொடுத்தோம். நமது பிரின்டர் பழுதாக இருந்தபடியால், ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் அச்செடுத்துக்கொண்டு அப்படியே அலுவலகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

மகன் பென் டிரைவோடு வந்தார். அவருடைய போனில் இடம் நிறைந்துவிட்டதாம். "ஐயா, மெமரி காட்டுல இருக்கிற போட்டோவையும் இதுலயே போட்டுத் தாங்களேன்" என்றார். நாமும் காட்டைச் செருகி, படங்களைக் கொப்பி செய்யாமல் 'கட்' செய்து பென் டிரைவில் போட்டோம். திரையில் ஓடிய பச்சைக் கோடு முடிந்து ஜன்னல் மூடிக்கொண்டது. "முடிஞ்சிருச்சு தம்பி" என்று சொன்னோம். கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் சத்தம். தம்பி பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அதன் சின்ன விளக்கு அப்போதும் மினுக்கிக்கொண்டிருந்ததை நாம் பார்த்தோம், ஆனால் பொருட்படுத்தவில்லை.

ஹட்டனில் போய்ப் பார்த்தால் கோப்புகளின் பெயர்கள் இருக்கின்றன, திறந்தால் ஒன்றும் இல்லை. அன்று மகனுக்கு ஒரு நாள் பேர் போயிற்று, இரண்டு பேருடைய பஸ் காசும் போயிற்று, அலுவலகத்தில் கொடுத்த தவணையும் தவறியது. கடதாசிகளின் மூலப் பிரதி கையில் இருந்ததால் மறுநாளே திரும்பவும் ஸ்கேன் செய்து கொடுத்தோம். ஆனால் போட்டோக்கள்? அம்மாவின் கடைசி வேலைநாளில் கொழுந்து மடுவத்தில் கூட வேலை செய்த பெண்கள் மாலை போட்டு எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. காட்டிலும் இல்லை, பென் டிரைவிலும் இல்லை.

நாம் தலைகுனிந்து நின்றபோது அந்த அம்மா சொன்னார்: "படம் போனாப் போகட்டும் ஐயா, நாந்தான் இருக்கேனே." அந்தப் பெருந்தன்மைக்கு நாம் செய்யக்கூடிய பதில், இப்படி ஒரு நட்டம் இன்னொரு வீட்டுக்கு வராமல் தடுப்பதுதான். அதற்காகவே இந்தப் பாடம்.

ஹாட் டிஸ்க்கின் உள்ளே

முதலில் ஹாட் டிஸ்க்கைப் பார்ப்போம். இதைப் பாடப்புத்தகத்தில் வன்தட்டு என்று சொல்லியிருப்பார்கள். உள்ளே கண்ணாடி போல மினுங்கும் வட்டத் தட்டுகள் இருக்கும். திருவிழாவில் அந்தக் காலத்தில் சுழன்ற இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலே ஊசி தட்டைத் தொடும். இதிலே 'தலை' எனப்படும் சிறு கருவி தட்டைத் தொடாமல், மயிரிழையிலும் குறைந்த உயரத்தில் மிதந்துகொண்டு, காந்தப் புள்ளிகளை வாசிக்கும், எழுதவும் செய்யும்.

முதலாவது ஹாட் டிஸ்க்கை 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பனி அறிமுகப்படுத்தியது. 50 பெரிய தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 தடவை சுழன்றன. அத்தனை பெரிய இயந்திரத்தில் அடங்கியது 50 லட்சம் எழுத்துக்கள் மட்டுமே. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோ கூட அதில் அடங்காமல் போகலாம். இப்போது மடிக்கணினியில் உள்ள ஹாட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல்கிறது, அதாவது ஒரு செக்கனுக்கு 90 சுற்று. மேசைக் கணினியில் உள்ளது பெரும்பாலும் 7,200 தடவை, செக்கனுக்கு 120 சுற்று.

இங்கே ஒரு கேள்வி வரும். வாசித்தாலும் எழுதினாலும் தட்டு சுழலும் வேகம் ஒன்றுதானே? ஆம். அதனால் ஒரு பெரிய கோப்பை நேராக வாசிக்கும்போதும் நேராக எழுதும்போதும் சாதாரண ஹாட் டிஸ்க்கின் வேகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் வருவது வேறு இடங்களில்.

முதலாவது, சரியான இடத்துக்குப் போய் நிற்பது. செக்ரோலை வாசிக்கும்போது நமது விரல் கொஞ்சம் சரிந்து நின்றாலும் கண் சரியான வரியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் எழுதும்போது வரி மாறினால் என்ன ஆகும்? அடுத்தவருடைய பேர் அல்லவா கெட்டுவிடும்! ஹாட் டிஸ்க்கிலும் அதே கதைதான். வாசிக்கும் தலை சற்று விலகி நின்றால் பிழையைக் கண்டுபிடித்துத் திரும்பவும் வாசிக்கலாம். எழுதும் தலை விலகி நின்றால் பக்கத்து வரியில் உள்ளது அழிந்துவிடும். எனவே எழுதுவதற்கு முன் தலை அசையாமல் நிலைகொள்ள இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். தயாரிப்பாளர்கள் தரும் விவரத்தாளில், வாசிக்க இடம் தேடும் நேரத்தைவிட எழுத இடம் தேடும் நேரம் சற்றுக் கூடுதலாகவே இருப்பதைக் காணலாம்.

இரண்டாவது, சிறு சிறு கோப்புகள். தலை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு நகர ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் 10 பங்கு எடுக்கும் என்று வைப்போம். தேவையான இடம் சுழன்று வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். 5,400 சுற்று உள்ள தட்டில் அது ஆயிரத்தில் 5 அல்லது 6 பங்கு. ஆக ஒரு இடத்துக்குப் போய்ச் சேரவே ஆயிரத்தில் 15 பங்கு ஆகிவிடுகிறது. ஆயிரம் துண்டுகள் ஆயிரம் இடத்தில் சிதறிக் கிடந்தால் அலைவதற்கே 15 செக்கன் போய்விடும். ஒரே இடத்தில் உள்ள 100 மெகாபைட் கோப்பையோ ஒரு செக்கனில் முடித்துவிடலாம். ஒரு மலையில் இருபது பேர் சேர்ந்து பறிப்பதும், இருபது மலைக்கு ஒருவரை அனுப்பிப் பறிப்பதும் ஒன்றாகுமா?

மூன்றாவது, தகரக் கூரை போன்ற ஹாட் டிஸ்க். நமது லயத்துக் கூரையில் ஒரு தகரத்தின் ஓரம் மற்றத் தகரத்தின் மேல் ஏறியிருக்கும். கீழே உள்ள தகரத்தை மாற்ற வேண்டுமானால் மேலே உள்ளதையும் கழற்ற வேண்டும். சில ஹாட் டிஸ்க்குகளில் அதிக இடம் கிடைப்பதற்காக வரிகளை இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி எழுதுகிறார்கள். வாசிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த வரிகளையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் 'ரெட்' வகைத் தட்டுகள் சிலவற்றில் இந்த முறை இருப்பது வாங்குவோருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்பது வெளியே வந்து, உலகெங்கும் பேச்சாயிற்று.

பென் டிரைவும் சிலேட்டும்

பென் டிரைவ், மெமரி காட், எஸ்.எஸ்.டி. ஆகிய மூன்றிலும் சுழலும் தட்டு கிடையாது. உள்ளே உள்ள மிகச் சிறிய அறைகளில் மின்னேற்றம் அடைத்து வைக்கப்படுகிறது. வாசிப்பது என்றால் அறையில் எவ்வளவு மின்னேற்றம் உள்ளது என்று எட்டிப் பார்ப்பது மட்டும்தான். எழுதுவது அப்படி அல்ல. கூடிய அழுத்தம் கொடுத்துச் சிறிது தள்ளி, சரியா என்று பார்த்து, போதாவிட்டால் மீண்டும் தள்ளி, இப்படித்தான் எழுத வேண்டும்.

அத்தோடு எழுதிய இடத்தின்மேல் நேராக எழுதவும் முடியாது. முதலில் அழிக்க வேண்டும். சிலேட்டில் ஓர் எழுத்தை மட்டும் விரலால் அழிக்கலாம். இங்கே அது முடியாது. எழுதுவது சில கிலோபைட் அளவான பக்கம் பக்கமாக; அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய கட்டத்தை முழுவதுமாக. அதில் வைத்திருக்க வேண்டியது ஏதும் இருந்தால் அதை முதலில் வேறிடத்தில் எழுதிவிட்டுத்தான் அழிக்கலாம். எனவேதான் பென் டிரைவில் எழுதுவது வாசிப்பதைவிடப் பல மடங்கு தாமதமாகிறது. மேலும் ஒவ்வொரு அறையையும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுதலாம். பல ஆண்டுகள் பாவிக்காமல் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தால் மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்து போகவும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பென் டிரைவ் செக்கனுக்கு 20 மெகாபைட் வாசிக்கும், 5 மெகாபைட் எழுதும் என்று வைத்துக்கொள்வோம். 1,000 மெகாபைட் படங்களை வாசிக்க 50 செக்கன் போதும். எழுத 200 செக்கன், அதாவது 3 நிமிடமும் 20 செக்கனும் வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

மடுவத்தில் நிறுத்தது தூளாகிவிட்டதா?

அப்படியானால் திரையில் கோடு முடிந்தது எப்படி? அதற்குப் பதில் நமது மடுவத்திலேயே இருக்கிறது.

கொழுந்தைக் கொண்டுபோய் மடுவத்தில் நிறுத்து, கணக்கில் போட்டவுடன் நமது கை காலியாகிவிடுகிறது. ஆனால் கொழுந்து தேயிலையாகிவிட்டதா? இல்லை. லொறி வர வேண்டும், பெக்டரிக்குப் போக வேண்டும், வாட்ட வேண்டும், அரைக்க வேண்டும், காய வைக்க வேண்டும். நடுவழியில் லொறி கவிழ்ந்தால் மடுவத்துக் கணக்கு சரியாக இருக்கும், தேயிலைதான் இருக்காது.

கணினியும் இப்படி ஒரு மடுவம் வைத்திருக்கிறது. எழுத வேண்டியதை முதலில் தனது வேகமான தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "முடிந்தது" என்று நமக்குச் சொல்லிவிடும். பிறகு ஆறுதலாகத் தட்டில் எழுதும். ஹாட் டிஸ்க்குக்குள்ளும் இதே போல ஒரு சிறு மடுவம் உண்டு. அது காலியாகும் முன் பென் டிரைவைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ எழுதாதது எழுதாததுதான். 2022 மார்ச் இறுதியில் நமது நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

2018இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10இன் 1809ஆம் பதிப்பிலிருந்து, வெளியே செருகும் தட்டுகளுக்கு இப்படித் தாமதித்து எழுதும் பழக்கம் வழமையாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. ஆனால் பழைய கணினிகளும், அந்த ஏற்பாட்டை மாற்றி வைத்த கணினிகளும் பாவனையில் உள்ளன. நமது ஒஃபீஸில் அன்று இருந்ததும் பழையதுதான். ஆகவே எந்தக் கணினியாக இருந்தாலும் பொறுத்துக் கழற்றுவதே நல்ல பழக்கம்.

பெட்டியில் எழுதியிருக்கும் இலக்கம்

கடையில் மெமரி காட் வாங்கும்போது பெட்டியில் பெரிதாக '100' என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் வாசிக்கும் வேகம். எழுதும் வேகம் தெரிய வேண்டுமானால் காட்டில் உள்ள சிறு குறிகளைப் பாருங்கள். வட்டம் போன்ற குறிக்குள் 10 என்று இருந்தால் செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். 'யூ' எழுத்து வடிவத்துக்குள் 1 என்றால் குறைந்தது 10, அதற்குள் 3 என்றால் குறைந்தது 30 மெகாபைட். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிமார் இந்தக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மிக மலிவாக, நம்ப முடியாத பெரிய அளவு போட்டு விற்கும் பென் டிரைவுகளில் போலியும் உண்டு. எழுதும்போது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது போலக் காட்டும். பிறகு வாசித்தால் முதலில் போட்ட கொஞ்சம் மட்டும் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

நாம் செய்ய வேண்டியவை

1. பென் டிரைவின் விளக்கு மினுக்கும்வரை தொடக்கூடாது. விளக்கு இல்லாதவையும் உண்டு. எதுவாயினும் கணினியில் 'பாதுகாப்பாக அகற்று' என்ற கட்டளையைக் கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகே எடுக்க வேண்டும்.

2. 'கட்' வேண்டாம். எப்போதும் கொப்பி செய்யுங்கள். புதிய இடத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழிக்கலாம்.

3. எழுதியதை வாசித்துப் பாருங்கள். பென் டிரைவைக் கழற்றித் திரும்பச் செருகி, கோப்புகளைத் திறந்து பாருங்கள். பெயர் தெரிவது போதாது, உள்ளே இருப்பது தெரிய வேண்டும். எழுத நேரமாகும், வாசிக்க அவ்வளவு நேரமாகாது. அந்தச் சில நிமிடங்களுக்குச் சோம்பல்படக்கூடாது.

4. தவறுதலாக அழிந்துவிட்டால் அந்தக் காட்டில் அதற்குப் பிறகு எதையும் எழுதாதீர்கள், ஒரு படம் கூட எடுக்காதீர்கள். அழிப்பது என்பது பெரும்பாலும் பதிவேட்டில் பெயரை வெட்டுவது போலத்தான். அந்த இடத்தில் புதிதாக எழுதப்படும்வரை பழையதை மீட்க வழி இருக்கலாம். நமது தம்பி விஷயம் தெரியாமல் கோயில் திருவிழாவை அதே காட்டில் வீடியோ எடுத்துவிட்டார். இருந்த சந்தர்ப்பமும் போயிற்று.

5. முக்கியமான கடதாசிகளை இரண்டு இடத்திலாவது வைத்திருங்கள். மூலப் பிரதியை ஈரம் படாத உறையில் போட்டு வையுங்கள். போனில் படம் இருக்கிறது என்று மூலப் பிரதியைக் கவனிக்காமல் விடக்கூடாது.

நாம் ஏழைகள், நமக்குத்தான் இந்தக் கஷ்டம் என்று எண்ண வேண்டாம். 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் கணினி மேகச் சேவையையே வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்துடையவை உட்பட, இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு வேறோர் இடத்தில் எழுதி வைத்த பிரதி இருக்கவில்லை. பெரிய இடமானாலும் சின்ன லயமானாலும் சட்டம் ஒன்றுதான். வேறிடத்தில் எழுதி, வாசித்துப் பார்த்தது மட்டுமே கையில் உள்ளது.

அந்த அம்மாவின் சேமலாப நிதி விண்ணப்பம் இரண்டாம் தவணையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இப்போது நமது ஒஃபீஸ் மேசையில் ஒரு சிறு அட்டை ஒட்டியிருக்கிறோம்: "கழற்றினாயா? திரும்பச் செருகிப் பார்த்தாயா?" யாராவது பென் டிரைவ் கொண்டுவந்தால் திரும்பச் செருகி, ஒவ்வொரு கோப்பையும் அவர்கள் கண்முன்னே திறந்து காட்டிய பிறகே கையில் கொடுக்கிறோம். "பஸ் போயிரும் ஐயா" என்பார்கள். அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று சொல்கிறோம். நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே செய்யுங்கள்.

மாணவர்களுக்குச் சில கேள்விகள்

1. ஒரு பென் டிரைவ் செக்கனுக்கு 4 மெகாபைட் எழுதும், 16 மெகாபைட் வாசிக்கும். 480 மெகாபைட் எழுதவும், எழுதியதை வாசித்துப் பார்க்கவும் மொத்தம் எவ்வளவு நேரம் வேண்டும்?

2. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு அரைச் சுற்றுச் சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்?

3. மடுவம், லொறி, பெக்டரி ஆகிய மூன்றும் கணினியில் எவற்றுக்கு ஒப்பானவை? உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் வார்த்தையில் விளக்கிச் சொல்லுங்கள்.

(விடை: முதலாவது 120 செக்கனும் 30 செக்கனும் சேர்ந்து இரண்டரை நிமிடம். இரண்டாவது ஒரு செக்கனின் 240இல் ஒரு பங்கு, அதாவது ஆயிரத்தில் ஏறத்தாழ 4 பங்கு. மூன்றாவதற்கு விடை உங்கள் வீட்டில்.)